ஒன்பதாம் எண் பிரிண்டர்

பிரிண்டர் ஓடவில்லை என்று போன் செய்கிறவர்களைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்ததே இல்லை. ஒரு தாள் வரவில்லையென்றால் பொத்தானை இருபது தடவை அமுக்குவார்கள். கொஞ்ச நேரம் கழித்து இருபது தாளும் மொத்தமாக வந்து விழுந்ததும் மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். காலால் எத்திக் கம்பியைக் கழற்றிவிட்டு, நான் போய் அதைச் செருகும்வரை பக்கத்திலேயே நின்று “நாங்க ஒண்ணுமே செய்யலையே சார்” என்பார்கள். முலுண்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில், தட்டில் தாளே இல்லாமல் என்னை வரவழைத்தார்கள். நான் தாளை வைத்தேன், பிரிண்டர் ஓடியது, ஆடிட்டர் என்னைப் பெரிய நிபுணர் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை விடக் கேவலமான ஒன்றை நான் சம்பாதித்ததில்லை.

செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. ஆபீசுகளின் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் வருஷ ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வோம். நான் தாராவியில் பிறந்தவன். அங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, டிப்ளமோ வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனவன். அதனால் தாராவி ஆபீஸ் என்றால் எனக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சுளிக்கும். இந்த ஆட்களை எனக்குத் தெரியும், இவர்களுக்கு எது போதும் என்றும் தெரியும் என்ற நினைப்பு.

தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அந்தப் பார்சல் ஆபீஸ் இருந்தது. கீழே கிடங்கு, மேலே இரண்டு அறை. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போகிற பார்சல்களை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். அவருக்குக் கீழே ஒரு மேனேஜர். காலை எட்டு மணிக்கு வந்து பார்சலில் ஒட்டுகிற லேபிள்களை அடித்துக் கொடுத்துவிட்டுக் கிடங்குக்கு இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு ராத்திரி லாரியோடு போக வேண்டிய சரக்குப் பட்டியல், வழிச்சீட்டு எல்லாம் ஒரே ஒரு அம்மாவின் பொறுப்பு. வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். தினமும் கல்யாண் என்கிற புறநகரிலிருந்து லோக்கல் ரயிலில் வருவார். பட்டறையில் கை நசுங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்ட கணவர், பன்னிரண்டாவது படிக்கும் மகள். வீட்டுக்கு இவர் சம்பளம்தான். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை. மேனேஜர்தான் டீ குடிக்கும்போது ஊர்வம்பாகச் சொன்னார்.

அந்த ஆபீசில் பிரிண்டரை நான் நிறுவிய நாளையே சொல்லிவிடுகிறேன். நான் போவதற்கு முன்பே அண்ணாச்சி அதற்குப் பூஜை போட்டிருந்தார். தாள் வெளியே வருகிற வாய்க்கு மேலேயே சந்தனம், குங்குமம். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கியது. மூடியைத் திறந்தால் உள்ளே திருநீறு. தாள் இருக்கிறதா என்று பார்க்கிற கண் ஒன்று உள்ளே உண்டு, அதற்கும் யாரோ பட்டை போட்டிருந்தார்கள். ஒரு துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன். அண்ணாச்சி முகம் சுருங்கியது, எனக்கு அது பிடித்திருந்தது.

நெட்வொர்க்கில் சேருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தேடிப் போய்த்தான் தாளை அடிக்கச் சொல்லும். போன், டிவி மாதிரி வந்து போகிறவற்றுக்கு ரூட்டர் தானாகவே ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். பிரிண்டருக்கு மட்டும், ரூட்டர் யாருக்கும் கொடுக்காத ஒரு எண்ணாகப் பார்த்து நாம் போடுவோம். நான் இருநூற்றெட்டு என்று போட்டேன். சோதனைத் தாள் வெளியே வந்தது. அண்ணாச்சி அதை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

“என்ன தம்பி, எட்டுல முடியுது?”

“அது சும்மா நம்பர் அண்ணாச்சி.”

“சும்மாவா? எட்டு சனி நம்பருல்லா. என் லாரி நம்பர் பூராம் கூட்டினா ஒம்பது. போன் நம்பர் ஒம்பது. இதுக்கும் ஒம்பதே போட்டுருங்க.”

நான் அவரிடம் பேசியிருக்கலாம். கூட்டினால் ஒன்பது வருகிற இருநூற்று ஏழு வேண்டுமா, ஒன்பதில் முடிகிற இருநூற்று ஒன்பது வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். ஒன்பதையே போட்டாலும், ரூட்டருக்குள் போய் “இந்த ஒன்பதை இனி வேறு யாருக்கும் கொடுக்காதே” என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் ஜோசியம் பார்த்து பிரிண்டர் ஓட்டுகிற ஆளுக்கு அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை. இந்த லட்சணத்துக்கு இது போதும் என்று பிரிண்டரில் ஒன்பதைத் தட்டிவிட்டு இறங்கி வந்தேன். அன்றைக்கு முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் செம்பூர் ஆபீசில் சிரித்தோம்.

ஒரு வருஷம் ஒரு குறையும் வரவில்லை. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா போன் செய்தார். பிரிண்டர் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறதாம், பிறகு தானாகவே ஓடுகிறதாம்.

இந்தத் தொழிலில் முழுசாகச் செத்த மெஷின் எவ்வளவோ மேல். விட்டு விட்டு வருகிற கோளாறுதான் பிராணனை வாங்கும். நாம் போய் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். என் முதல் விசிட் எப்போதும் ஒன்பதரை மணிக்கு. அந்த ஆபீசுக்குப் போனேன், சோதனைத் தாள் அடித்தேன், பளிச்சென்று வந்தது. பத்து தாள் அடித்தேன், பத்தும் வந்தது. கம்பியை மாற்றினேன். மறுவாரம் மறுபடி போன். போனேன், அடித்தேன், வந்தது. பிரிண்டரின் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அதற்கும் அடுத்த வாரம் மறுபடி போன்.

மூன்றாவது விசிட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு சர்வீஸ் சீட்டு எழுதி வாடிக்கையாளரிடம் ஒரு நகல் கொடுக்க வேண்டும். கோளாறின் காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் எங்கள் கம்பெனியில் கேள்வி வரும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதுகிற ஒன்றை எழுதினேன்: யூசர் எரர். பயன்படுத்துகிறவரின் தவறு. முந்தைய இரண்டு சீட்டிலும்கூட அதையேதான் எழுதியிருந்தேன். பதினெட்டு வருஷத்தில் அதை எத்தனை ஆபீசில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தச் சீட்டை யாரும் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

நான் பையை மூடும்போது அந்த அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். தேதிவாரியாக, பிரிண்டர் நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு நின்றது, ஒன்று முப்பத்தைந்துக்கு ஓடியது, நாலே காலுக்கு நின்றது. கிட்டத்தட்ட எல்லா நாளும் அப்படித்தான்.

“சார், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அண்ணாச்சி உள்ள வந்தாவன்னா மெஷின் நின்னுருது. அவிய வீட்டுக்குச் சாப்பிடப் போனா ஓடுது. செவ்வாய்க்கிழம கோயிலுக்குப் போறதால ஆபீசுக்கு வர மாட்டாவ. அன்னைக்கு நாள் பூராம் ஒரு தொந்தரவும் இல்ல.”

நான் சிரித்துவிட்டேன். லேசாக அல்ல, வாய்விட்டு.

“மெஷினுக்கு முதலாளி யாருன்னு தெரியுமா மேடம்? அவர் வந்ததும் வேலைய நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னு வணக்கம் வைக்குதா?”

மேனேஜர் படியேறி வந்துகொண்டிருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த அம்மா நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் தாராவியில் பெண்களை அக்கா என்று கூப்பிடுவதுதான் பழக்கம். நான் அவரை வேண்டுமென்றே மேடம் என்பேன். அந்தச் சொல்லில் எவ்வளவு இளக்காரத்தை அடைக்க முடியும் என்று ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியவனுக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி வருவதும் போவதும் நல்ல நேரம் பார்த்துத்தான். பதினொன்றரைக்கு முன்பு படியேற மாட்டார். ஒன்றரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார், நாலு மணிக்குமேல் வந்து ஏழு மணிவரை இருப்பார். நான் வருகிற ஒன்பதரைக்கு அவர் குளித்துக்கூட இருக்க மாட்டார். அந்த நோட்டை ஐந்து நிமிஷம் ஒழுங்காகப் படித்திருந்தால் போதும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்: எப்போது நிற்கிறது, அப்போது என்ன மாறுகிறது என்று பார். அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே செய்திருந்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை அண்ணாச்சியே என்னைக் கூப்பிட்டார். போய் நின்றபோது மேசைமேல் என் சர்வீஸ் சீட்டு மூன்றும் வரிசையாக இருந்தன. நான் யாரும் படிப்பதில்லை என்று நினைத்த சீட்டுகள்.

“மூணுலயும் ஒரே விசயந்தான் எழுதியிருக்கிய. யூசருன்னா அவதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“நானும் அதான் நெனச்சேன். மேனேஜர் காலைல அடிக்கான், ஏக்தம் சுத்தமா வருது. அவ தொட்டா நின்னுருது. கைராசி சரியில்ல. முந்தாநாளும் லாரி ரெண்டு மணி நேரம் லேட்டு. இந்தச் சனிக்கிழமையோட அவள நிப்பாட்டிருதேன். மேனேஜரோட கொழுந்தியா சும்மாதான் இருக்கா, திங்கக்கிழமலேருந்து வருவா. நீங்க சனிக்கிழம வந்து கம்ப்யூட்டர அவளுக்குத் தக்கன பண்ணிக் குடுத்துருங்க.”

கைராசி என்ற சொல்லைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனிதர்கள் இந்தக் காலத்திலும் இப்படி இருக்கிறார்களே என்று. என் சீட்டும் அவர் கைராசியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. ஐம்பது வயதில் கல்யாணில் யார் வேலை கொடுப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அது என் வேலை இல்லை என்று படியிறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் முலுண்டில் ஒரு வேலை இழுத்துவிட்டது. நான் தாராவிக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு மணி. கோளாறு தொடங்கிய பிறகு, அண்ணாச்சி இருக்கும் நேரத்தில் மெஷினைத் தொட வந்தது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளறையில் உட்கார்ந்து போனில் கோயில் அபிஷேகம் பார்த்துக்கொண்டிருந்தார். வைஃபை பாஸ்வேர்டு அந்த ஆபீசில் அவருக்கு மட்டுந்தான். மேனேஜருக்குக்கூடக் கிடையாது. அந்த அம்மா தன் இடத்தில் இருந்தார். டிபன் டப்பா, சின்ன சாமி படம், ஒரு சால்வை எல்லாம் பிளாஸ்டிக் பையில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அன்றைய லாரிப் பட்டியலை முடித்துக் கொடுக்காமல் போக மாட்டார் போலிருந்தது. பிரிண்டர் நின்றிருந்தது.

நான் என் மடிக்கணினியைத் திறந்து பிரிண்டரின் எண்ணுக்குக் குரல் கொடுத்துப் பார்த்தேன். இருக்கிறாயா என்று நொடிக்கு ஒருமுறை கேட்கும், இருக்கிறேன் என்று ஒரு வரி திரையில் வரும். வரி வரியாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. பிரிண்டர் உயிரோடு இருக்கிறது, பிறகென்ன கேடு என்று எழுந்துபோய், சரியாகச் செருகலாம் என்று பின்னாலிருந்த நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினேன். திரும்பித் திரையைப் பார்த்தேன்.

பதில் நிற்கவில்லை. கம்பி என் கையில் இருக்கிறது, பிரிண்டர் நெட்வொர்க்கிலேயே இல்லை. ஆனாலும் ஒன்பதாம் எண் இருக்கிறேன், இருக்கிறேன் என்கிறது.

ரூட்டருக்குள் போய் யார் யாருக்கு எந்த எண் என்கிற பட்டியலைத் திறந்தேன். ஒன்பதுக்கு எதிரே ஒரு போனின் பெயர். அண்ணாச்சி ஒரு மாதத்துக்கு முன்பு வாங்கிய புதுப் போன். அதை வாங்கிய பிறகுதான் கோளாறு தொடங்கியிருந்தது. ஒன்பதை யாருக்கும் கொடுக்காதே என்று நான் எழுதி வைக்கவில்லை, ரூட்டர் அதைத் தூக்கி அந்தப் போனுக்குக் கொடுத்துவிட்டது. அவர் படியேறியதும் அந்த அம்மா அனுப்புகிற தாளெல்லாம் அவர் சட்டைப்பைக்குப் போய் முட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

இப்போது சொல்வதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. நான் சத்தமில்லாமல் சரி செய்யத்தான் போனேன். ஒன்பதை ஒதுக்கி வைத்தால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. பிரிண்டர் ஓடும். அந்த அம்மா போன ராசி என்று அண்ணாச்சி நாலு பேரிடம் சொல்லுவார். என் கம்பெனியில் கேள்வி வராது. விரல் விசைப்பலகைக்கு வந்துவிட்டது. முடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாவின் குரல்.

“சார், கம்பி உங்க கையிலல்லா இருக்கு. அப்பம் அங்க பதில் சொல்லுதது யாரு?”

எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. திரையில் அந்தப் பெயரும் அப்படியே இருந்தது. அவர் குனிந்து அதைப் படித்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, அந்த ஆபீசில் நான் கேட்டிராத சத்தத்தில், “அண்ணாச்சி, போன எடுத்துக்கிட்டு இங்கன ஒரு எட்டு வாங்க” என்றார்.

அண்ணாச்சி வந்தார். என்னைக் கம்பியைச் செருகச் சொன்னார் அந்த அம்மா, செருகினேன். வைஃபையை அணைக்கச் சொன்னார், அண்ணாச்சி அணைத்தார். ஒரு நிமிஷத்தில் பட்டியல் தடதடவென்று வந்து விழுந்தது. வைஃபையைப் போடச் சொன்னார். போட்டதும் நின்றது. மறுபடி அணைக்கச் சொன்னார், ஓடியது. ஒருமுறை செய்தால் தற்செயல் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று மூன்று முறை செய்ய வைத்தார். நான் பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு கோளாறை நிரூபித்ததில்லை. மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம் என் கையால இல்ல” என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், மெஷினுக்கு அந்த ஒம்பத போட்டது யாரு?”

நான் அப்போதும் என் புத்தியை விடவில்லை. “அண்ணாச்சிதான் எட்டு ஆகாது, ஒம்பது போடுன்னாங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எத்தனை பேரிடம் நக்கலடித்திருப்பேன். “நான் ஒம்பது கேட்டேன், சரிதான். ஒரே நம்பர ரெண்டு பேருக்குக் குடுக்கச் சொன்னேனா? அது தெரிஞ்சவருன்னுதான உங்கள கூப்பிடுதோம்?”

“நான்தான் போட்டேன்” என்றேன். “ரூட்டர்ல எழுதி வைக்காம விட்டது என் தப்பு.”

அண்ணாச்சி அந்த அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்கிற ரகம் இல்லை. “பையில எடுத்து வச்சதெல்லாம் திரும்ப வச்சிரு. திங்கக்கிழம வழக்கம்போல வா” என்றார். மேனேஜர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிடங்குக்கு இறங்கிப் போனார். நான் ரூட்டரில் எழுத வேண்டியதை எழுதினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா சாமி படத்தை எடுத்து முன்பு இருந்த இடத்தில் வைத்தார். உட்கார்ந்தார். “அண்ணாச்சி, இவிய கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டுருதேன். இனி வேற ஆள அனுப்பச் சொல்லி.”

“போடு” என்றார் அண்ணாச்சி. மெயிலில் அனுப்புவதெல்லாம் அவருக்குக் கடிதம் இல்லை. தாளில் வந்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடிதம்.

அந்த அம்மா ஆங்கிலத்தில் தட்டினார், பார்சல் ஆபீஸ் ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியங்கள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்று படித்தேன். தப்பாக ஒரு எண்ணைப் போட்டது இருந்தது. மூன்று விசிட்டிலும் யூசர் எரர் என்று எழுதியது இருந்தது. அதனால் ஒருத்தருக்கு வேலை போகவிருந்தது என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: காரணத்தை எடுத்துச் சொன்னபோது உங்கள் இன்ஜினியர் சிரித்தார்.

“அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே, அக்கா” என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. “நீங்க சிரிச்சியளா, இல்லியா?”

“சிரிச்சேன்.”

“அப்பம் இருக்கட்டும்.”

கடிதம் வந்தது. அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கி, மடித்து, உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். “தபால்ல போட்டா நாளாகும். நீங்களே கொண்டு போய்க் குடுத்துருங்க.”

வாங்கிக்கொண்டேன். செம்பூர் பஸ்ஸில் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன், கிழிக்கவில்லை. உறையை அவர் ஒட்டக்கூட இல்லை.